சீனாவின் ஆதி விவசாயமும் கருகிய தானியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சீனாவில் 10,000 ஆண்டுப் பழமையான நெல் கண்டுபிடிப்பு" என்ற மாதிரியான செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே அதே சந்தேகங்களும் வருகின்றன. அது உண்மையிலேயே பயிரிட்ட நெல்தானா? வயதை எப்படிச் சொன்னார்கள்? அதைச் சாப்பிட்டவர்களை விவசாயிகள் என்று சொல்லலாமா? மண்ணில் கிடைக்கும் பழைய தாவரத் துணுக்குகளை ஆராயும் துறைக்குத் தொல்தாவரவியல் என்று பெயர். இந்தக் கேள்விகளுக்கு அந்தத் துறை இதுவரை சொல்லியிருப்பதை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தானியம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் மக்காமல் எப்படி இருக்கும்?

சும்மா கிடந்தால் இருக்காது. ஒரு மழைக்கே முளைத்துவிடும், இல்லையென்றால் பூஞ்சையும் பூச்சியும் முடித்துவிடும். நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தீயில் கருகியவை. அடுப்படியில் சிந்தியவை, வறுக்கும்போது தீய்ந்தவை, களஞ்சியம் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவை. காற்று அதிகம் படாமல் கருகிய மணி கரியாகிவிடும். கரியைத் தின்ன எந்தக் கிருமிக்கும் விருப்பமில்லை, அதனால் உருவம் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வழி நீர். யாங்சே ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்றைய ஜேஜியாங் மாகாணத்தில், சில பழைய ஊர்கள் நீர் தேங்கிய சேற்றுக்குள் புதைந்து கிடக்கின்றன. காற்று புகாததால் மரத்தூண், ஓலை, நெல் உமி எல்லாம் கருகாமலேயே தப்பியிருக்கின்றன. 1973-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹெமுடு இப்படிப்பட்ட ஊர். சுமார் 7,000 ஆண்டு பழமையான அதன் அடுக்குகளில் உமியும் வைக்கோலும் கலந்த கனமான படிவுகள் கிடைத்தன.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்கள். புல் வகைத் தாவரங்கள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தங்கள் செல்களுக்குள் சேர்த்துவைக்கும். இலை மக்கிப் போனாலும் செல்லின் வடிவத்தில் ஒரு நுண்ணிய கண்ணாடித் துகள் மிஞ்சும். இதற்கு ஃபைட்டோலித் என்று பெயர். நெல் உமியில் இது ரொம்ப அதிகம். நம் பாட்டிகள் உமிச்சாம்பலால் பாத்திரம் தேய்த்துப் பளபளப்பாக்கியதற்கும் இந்தச் சிலிக்காவே காரணம்.

இவை தவிர, அரைக்கும் கல்லின் இடுக்கிலும் பானையின் உட்சுவரிலும் ஒட்டிய மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன. பானை வனையும்போது களிமண்ணில் கலந்த உமியும் இருக்கிறது.

இவ்வளவு சின்ன மணிகளை எப்படிப் பொறுக்குகிறார்கள்?

கையால் பொறுக்குவதில்லை. தோண்டிய மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்குவார்கள். மண் கீழே இறங்கும், கரி மேலே மிதக்கும். மிதப்பதை நுண்சல்லடையில் பிடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். இதற்கு மிதப்பு முறை என்று பெயர். செலவு குறைவு, ஆனால் பொறுமை நிறைய வேண்டும்.

சீன அகழாய்வுகளில் இந்த முறை பரவலானதில் ஜாவோ ஜிஜுன் என்ற ஆய்வாளருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பு அகழாய்வாளர் கண்ணில் தற்செயலாகப் பட்ட தானியம் மட்டுமே பதிவாகும். குழி நிறையக் கிடந்தால் தெரியும், நான்கு மணி கிடந்தால் தெரியாது. 1980-க்கு முந்தைய அறிக்கைகளில் "இங்கே தானியம் இல்லை" என்று இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடாததால் கிடைக்காமல் போயிருக்கலாம்.

சீனாவில் முதலில் பயிரானது நெல்லா?

நெல் மட்டும் இல்லை. சீனாவில் விவசாயம் குறைந்தது இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தொடங்கியது. தெற்கே, ஈரமான யாங்சே பள்ளத்தாக்கில் நெல். வடக்கே, வறண்ட மஞ்சள் ஆற்றுப் பகுதியிலும் இன்றைய உள் மங்கோலியாவின் கிழக்கிலும் சிறுதானியங்கள். அந்தச் சிறுதானியங்கள் இரண்டும் நமக்குத் தெரிந்தவையே: தினையும் பனிவரகும்.

இரண்டு பகுதிகளுக்கும் நடுவே எல்லைக்கோடு எதுவும் கிடையாது. ஷாண்டோங் மாகாணத்தின் யுவெஜுவாங்கில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே ஊர் மண்ணில் நெல்லும் கிடைத்தது, சிறுதானியமும் கிடைத்தது.

தினையும் பனிவரகும் ஒன்றாகவே வந்தனவா?

தொடக்க காலத்தில் பனிவரகின் கையே ஓங்கியிருந்தது. உள் மங்கோலியாவில் ஷிங்லோங்கோவ் என்ற ஊரில் 2001 முதல் 2003 வரை பெரிய அளவில் மிதப்பு முறையைப் பயன்படுத்தினார்கள். சுமார் 7,700 ஆண்டு பழமையான வீடுகளில் கருகிய சிறுதானிய மணிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் பெரும்பகுதி பனிவரகு, தினை கொஞ்சம்தான். மணிகள் இன்றைய பனிவரகைவிடச் சிறியவை, ஆனால் காட்டுப் புல்லின் விதையைவிடப் பருத்தவை. மாற்றம் பாதி நடந்த நிலையில் நமக்கு அகப்பட்டிருக்கிறது.

பனிவரகு ஏன் முந்தியது? அது இரண்டு, மூன்று மாதங்களில் விளைந்துவிடும், தண்ணீரும் குறைவாகக் கேட்கும். வருடம் முழுக்க ஒரே ஊரில் தங்காதவர்கள்கூட விதைத்துவிட்டுப் போய் அறுப்புக்குத் திரும்பி வரலாம். தினைக்குக் கவனிப்பு கொஞ்சம் கூடுதல், விளைச்சலும் கூடுதல். ஊர்கள் நிலைத்து மக்கள் பெருகிய பிறகு, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, வடசீனாவில் தினை முன்னுக்கு வந்துவிட்டது.

சிஷானில் 10,300 ஆண்டுப் பழமையான தானியம் கிடைத்ததாமே?

ஹெபெய் மாகாணத்தின் சிஷானில் 1970-களில் அகழாய்வு செய்தார்கள். தானியம் சேமித்த ஆழமான குழிகள் 80-க்கும் மேல் அகப்பட்டன. உள்ளே இருந்தது தானியமாக இல்லாமல் மக்கிய தூளாக இருந்ததால், அது தினை என்றே ரொம்ப நாள் எண்ணியிருந்தார்கள். 2009-ல் அந்தத் தூளிலிருந்த ஃபைட்டோலித்களை லூ ஹோவ்யுவான் குழு ஆராய்ந்தது. தினையின் உமித் துகளில் செல் ஓரம் ஒரு விதமாக நெளியும், பனிவரகில் வேறு விதமாக நெளியும். ஒன்று கிரேக்க எழுத்தான ஒமேகாவைப் போலவும் மற்றது ஈட்டாவைப் போலவும் இருக்கும். பழைய குழிகளில் இருந்தது பனிவரகு என்று தெரிந்தது. தினை பிறகுதான், அதுவும் சிறிதளவே வருகிறது. இந்த அடையாளத்தில் பெரிய சர்ச்சை இல்லை.

சர்ச்சை வயதில். சுமார் 10,300 ஆண்டுகள் என்றது அந்த ஆய்வு. ஆனால் சிஷானின் பானைகளும் அங்கு முன்பே எடுக்கப்பட்ட கரித்துண்டுகளின் காலக்கணிப்பும் சுமார் 8,000 ஆண்டு என்ற பக்கமே சாய்கின்றன. இன்னொன்று: உமித் துகளை வைத்து இது பனிவரகு என்று சொல்லலாம், பயிரிட்ட பனிவரகா காட்டுப் பனிவரகா என்று சொல்வது கஷ்டம். பனிவரகின் காட்டு மூதாதை எது என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. தினையின் மூதாதை எல்லா வயல் ஓரத்திலும் களையாக நிற்கும் பச்சை நரிவால் புல் என்பது தெளிவு.

என்னைக் கேட்டால், சிஷானைச் சந்தேகக் கணக்கில் வைத்துவிட்டு ஷிங்லோங்கோவை உறுதியான தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்வேன்.

பயிரிட்ட நெல் எது, காட்டு நெல் எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் மணியின் நீள அகலத்தைத்தான் பார்த்தார்கள். ஹெமுடுவின் நெல் பயிர்நெல் என்று ஆரம்பத்தில் அறிவித்ததும் அந்த அடிப்படையில்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. காட்டு நெல் வகைகள் பல, அவற்றின் அளவும் பலவிதம். பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்த மணி சிறியதாக, ஒல்லியாக இருக்கும். அது காட்டு நெல்லா, முற்றாத பயிர்நெல்லா என்று அளவுகோலை வைத்துச் சொல்ல முடியாது.

நெல்லுக்கு உண்மையான அடையாளம் மணி காம்போடு சேரும் இடம். காட்டு நெல் முற்றியதும் தானாகவே உதிரும். அதற்கு உதிர்ந்தால்தான் அடுத்த தலைமுறை. அதனால் பிரியும் இடத்தில் வழவழப்பான வட்டத் தழும்பு இருக்கும். பயிர்நெல் உதிராது, கதிரிலேயே நின்று அறுப்புக்குக் காத்திருக்கும். களத்தில் அடித்துத்தான் பிரிக்க வேண்டும். அப்போது காம்பு பிய்ந்து வரும், பிரிந்த இடம் கரடுமுரடாகக் கிழிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத இந்த அடிப்பகுதிகளை ஆயிரக்கணக்கில் எண்ணினால் ஒரு ஊரின் நெல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஹெமுடுவுக்குப் பக்கத்திலிருக்கும் தியான்லுவோஷானில் இதைத்தான் செய்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் டோரியன் ஃபுல்லரும் சீன ஆய்வாளர்களும் 2009-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு இது: சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் அங்கே உதிராத வகை 27 சதவீதம். ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து 39 சதவீதம். அதே காலத்தில் கிடைத்த தாவர எச்சங்கள் மொத்தத்தில் நெல்லின் பங்கு 8 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக ஏறியது.

இந்தத் துறையில் வந்த எண்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த நான்குதான். 300 ஆண்டுகள் என்றால் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. அவ்வளவு காலம் விதைத்து, அறுத்து, மறுபடி விதைத்தும் பாதி நெல்கூட உதிராத வகையாக மாறவில்லை. "யாரோ ஒருவர் ஒரு நாள் விதையைப் போட்டார், விவசாயம் பிறந்தது" என்ற கதைக்கு இங்கே இடமில்லை.

மாற்றம் ஏன் இவ்வளவு மெதுவாக நடந்தது? உதிராத கதிரை எடுத்து விதைத்தால் போதுமே?

மரபியல் கணக்குப்படி போதும்தான். நெல்லில் உதிர்தலைக் குறைப்பதில் எஸ்எச்4 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் ஒரே ஒரு எழுத்து மாறியது முக்கியமான திருப்பம் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். கடுமையாகத் தேர்ந்தெடுத்தால் இது சில பத்து ஆண்டுகளிலேயே வயல் முழுக்கப் பரவியிருக்கும்.

ஆனால் அன்றைய மக்களுக்கு அந்த நோக்கமே இல்லை. உதிரும் நெல்லை வீணாக்காமல் எடுக்க அவர்களுக்குத் தெரிந்த வழி முற்றுவதற்கு முன்பே அறுப்பது. பச்சையாக அறுத்தால் உதிரும் வகையும் உதிராத வகையும் சமமாகக் கூடைக்கு வரும். எதற்கும் சாதகம் கிடையாது. போதாததற்குச் சுற்றிலும் சதுப்பில் காட்டு நெல் நிற்கிறது, மகரந்தம் கலந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருடம் விளைச்சல் பொய்த்தால் மறுபடி காட்டிலிருந்துதான் விதை.

இன்னும் ஒரு காரணம், அவர்களுக்கு அவசரமில்லை. சாப்பிட வேறு நிறைய இருந்தது.

நெல் இருந்தபோது வேறு என்ன சாப்பிட்டார்கள்?

தியான்லுவோஷானில் ஓக் மரக் கொட்டைகள் குழி குழியாகக் கிடைத்தன. அப்புறம் குளத்தில் வளரும் கொம்பு வைத்த சிங்காராக் கொட்டை. அப்புறம் இன்று நம் கடைகளில் மக்கானா என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, அதன் விதை. ஆற்று மீன், மான், நீர்ப்பறவை. நெல் இந்தச் சாப்பாட்டில் ஒரு பங்கு மட்டும்.

ஓக் கொட்டை அப்படியே தின்னக்கூடியதில்லை, டானின் அதிகம், வாய் துவர்த்துப்போகும். ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, துவர்ப்பை எடுத்த பிறகுதான் மாவாக்கலாம். வேலை அதிகம் பிடிக்கும் உணவு அது. இருந்தும் சீனாவின் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதை விடாமல் சேகரித்திருக்கிறார்கள். மஞ்சள் ஆற்றுப் பகுதியின் பெய்லிகாங் பண்பாட்டில் அழகாகச் செதுக்கிய அரைக்கும் கற்கள் உண்டு, அடியில் நான்கு கால்கள் வைத்தவை. தினை உமி நீக்கும் கருவி என்றே அவற்றைப் பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. லியூ லி குழுவினர் அவற்றின் இடுக்குகளைச் சுரண்டிப் பார்த்தபோது கிடைத்த மாவுச்சத்தில் கணிசமான பகுதி ஓக் கொட்டையுடையது.

ஆகவே "விவசாயம் எப்போது தொடங்கியது" என்பதைவிட "தட்டில் பாதிக்கு மேல் விளைந்த உணவாக எப்போது ஆனது" என்பது நல்ல கேள்வி. விதைப்பது 9,000, 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்கலாம். விவசாயத்தை நம்பியே வாழ்வது சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்புதான் உறுதியாகிறது.

அப்படியானால் 10,000 ஆண்டு நெல் என்பது பொய்யா?

பொய்யில்லை, அது தொடக்கம். ஜேஜியாங்கின் பூஜியாங் பகுதியிலிருக்கும் ஷாங்ஷானில் பானைக் களிமண்ணோடு நெல் உமியை நிறையக் கலந்திருக்கிறார்கள். பானை விரிசல் விடாமலிருக்க அது உதவும். சும்மா சதுப்பில் கொஞ்சம் நெல் பொறுக்குகிறவர்களிடம் பானைக்குப் போடும் அளவுக்கு உமி சேராது. உமித் துணுக்குகளில் உதிராத வகையின் அடையாளமும் சிலவற்றில் இருக்கிறது. 2017-ல் அங்கிருந்த நெல் ஃபைட்டோலித்களையே நேரடியாகக் காலக்கணிப்பு செய்து சுமார் 9,400 ஆண்டுகள் என்றார்கள்.

இதற்கும் முன்பு, ஜியாங்ஷி மாகாணத்தின் தியாவோதோங்ஹுவான் குகையில் நெல் துகள்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் குகையின் பழைய அடுக்குகள் பனியுகத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் இருந்த துகள்கள் காட்டு நெல் சேகரித்தவர்களின் மிச்சம்.

வயல் எதுவும் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, அவற்றின் அளவுதான் சுவாரசியம். ஹூனானின் செங்தோவ்ஷானில் சுமார் 6,500 ஆண்டு பழமையான வரப்பு கட்டிய வயல் இருக்கிறது. யாங்சே முகத்துவாரத்துக்கு அருகே சாவோஷியேஷானில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வயல் என்று வெட்டியவை சில சதுர மீட்டர் அளவுள்ள குழிகள். ஒன்றோடொன்று சின்ன வாய்க்காலால் இணைத்திருக்கிறார்கள். அளவைப் பார்த்தால் இன்றைய நாற்றங்கால்கூட இதைவிடப் பெரிது.

அங்கிருந்து லியாங்ஜு பண்பாட்டுக்கு வாருங்கள், அதாவது சுமார் 5,300 முதல் 4,300 ஆண்டுகளுக்கு முன். மாவோஷானில் ஒவ்வொரு வயலும் 1,000 முதல் 2,000 சதுர மீட்டர். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, நடக்கப் பாதையும் விட்டிருக்கிறார்கள். கல்லில் செய்த ஏர்முனைகளும் இந்தப் பண்பாட்டில் கிடைக்கின்றன. தலைநகரான லியாங்ஜுவில் எரிந்துபோன களஞ்சியங்களின் கருகிய அரிசி குவியலாக அகப்பட்டது. நகரைச் சுற்றிலும் மதில், மலையடிவாரத்தில் அணைகள், உள்ளே ஜேட் என்ற பச்சைக் கல்லில் அணிகலன் செய்யும் கைவினைஞர்கள். இவர்கள் எல்லோருக்கும் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். 2019-ல் யுனெஸ்கோ இந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

குழி வயலிலிருந்து இங்கு வர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடித்தது. அதற்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டு நிதானத்தோடு ஒப்பிட்டால் இது பாய்ச்சல். பயிர் உருவாக எடுத்த காலம் நீண்டது, உருவான பயிரை வைத்து நகரம் கட்ட எடுத்த காலம் குறைவு.

எலும்பிலிருந்து சாப்பாட்டைக் கண்டுபிடிக்கிறார்களே, எப்படி?

தினையும் பனிவரகும் சூரிய ஒளியில் கார்பனைச் சேர்க்கும் விதம், நெல்லும் கோதுமையும் பெரும்பாலான காட்டுச் செடிகளும் சேர்க்கும் விதத்திலிருந்து வேறு. இந்த வித்தியாசம் கார்பன்-13 என்ற கனமான கார்பனின் விகிதத்தில் தெரியும். சாப்பிட்டவரின் எலும்பிலும் அது பதியும். வடசீனாவில் மக்காச்சோளமோ கரும்போ அன்று கிடையாது. அதனால் எலும்பில் இந்த அடையாளம் கனமாக இருந்தால் சிறுதானியம் தின்றவர் என்று துணிந்து சொல்லலாம்.

கான்சு மாகாணத்தின் தாதிவானில் இதை நாய், பன்றி எலும்புகளில் பார்த்தார்கள். 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய கட்டத்தில் சில நாய்களிடம் மட்டும் சிறுதானிய அடையாளம், பன்றிகளிடம் இல்லை. அந்தப் பன்றிகள் காட்டில் மேய்ந்தவை. சுமார் 6,500 ஆண்டுகளுக்குப் பிந்தைய கட்டத்தில் மனிதன், நாய், பன்றி எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. ஊரில் மிச்சம் விழும் அளவுக்குத் தானியம் பெருகியிருக்கிறது.

மது காய்ச்சினார்களா?

காய்ச்சினார்கள். ஹெனான் மாகாணத்தின் ஜியாஹுவில் சுமார் 9,000 ஆண்டு பழமையான பானைகளின் உட்சுவரை அமெரிக்க வேதியியலாளர் பாட்ரிக் மெக்கவர்ன் குழு ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டது. அரிசி, தேன், அப்புறம் திராட்சை அல்லது ஹாதார்ன் பழம் சேர்த்துப் புளிக்கவைத்த பானம். நாரையின் எலும்பில் செய்த புல்லாங்குழல்களும் அதே ஊரில் கிடைத்தன என்பதால் ஜியாஹு மக்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். நெல்லைப் பசிக்காகப் பயிரிட்டார்களா, விருந்துக்காகப் பயிரிட்டார்களா என்று சிலர் வாதிடுகிறார்கள். இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

4,000 ஆண்டு பழமையான நூடுல்ஸ் உண்மையா?

சிங்ஹாய் மாகாணத்தின் லாஜியா ஊர் நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் அழிந்தது. அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்தின் அடியில் மெல்லிய மஞ்சள் இழைகள் இருந்தன. 2005-ல் நேச்சர் இதழில் அவை தினையும் பனிவரகும் சேர்ந்த மாவில் செய்தவை என்று எழுதினார்கள். எதிர்ப்பு உடனே வந்தது. சிறுதானிய மாவில் பசைத்தன்மை இல்லை, இழுத்து நூலாக்க முடியாது என்றார்கள். இடியாப்பம் பிழிகிற நமக்கு இதற்குப் பதில் சுலபம்: இழுக்க வேண்டாம், வெந்த மாவைப் பிழிந்தால் போதும். ஆய்வாளர்களும் பிறகு பிழியும் முறையில் செய்துகாட்டினார்கள். இழைகள் காற்றுப் பட்டதும் சிதைந்துவிட்டதால் மறுபடி எடுத்துச் சோதிக்க வழியில்லை.

கோதுமை சீனாவுடையதா?

இல்லை, மேற்கு ஆசியாவிலிருந்து வந்தது. ஷின்ஜியாங்கின் அல்தாய் மலையில் தோங்தியான் குகையில் சுமார் 5,200 ஆண்டு பழமையான கோதுமையும் பார்லியும் கிடைத்திருக்கின்றன. கிழக்குக் கரையிலுள்ள ஷாண்டோங்கில் ஜாவோஜியாஜுவாங் என்ற ஊரின் கோதுமை மணியையே காலக்கணிப்பு செய்ததில் கி.மு. 2500-க்கும் 2270-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. அதே சமயத்தில் எதிர்த்திசையில் பனிவரகு நடு ஆசியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வந்த கோதுமைக்கு உடனே மரியாதை கிடைக்கவில்லை. சீனச் சமையல் அடிப்படையில் வேகவைப்பதும் ஆவியில் அவிப்பதும். முழுக் கோதுமையை அப்படி வேகவைத்தால் தினைச் சோற்றின் ருசி வராது. திரிகைக் கல் பரவி, மாவு கிடைத்த பிறகுதான் அதன் காலம் பிறந்தது. கிழக்கு சோ காலத்து (கி.மு. 770–221) கல்லறைகளின் எலும்புகளில் ஒரு வேதனையான தகவல் இருக்கிறது. நடுச் சமவெளியில் ஆண்கள் பழையபடி சிறுதானியமும் இறைச்சியும் தின்ன, பெண்களிடம் கோதுமை, சோயா போன்றவற்றின் அடையாளம் கூடுகிறது. கோதுமை அப்போது வசதி குறைந்தவர்களின் உணவு. ஹான் பேரரசர் வூவிடம் டோங் ஜோங்ஷூ என்ற அறிஞர், தலைநகர் வட்டார மக்கள் கோதுமை விதைக்க விரும்புவதில்லை, அதிகாரிகளை வைத்து விதைக்கச் செய்யுங்கள் என்று மனு கொடுக்க வேண்டியிருந்தது.

சோயா, பீச், தேயிலை?

சோயா மெதுவாகப் பெருத்த பயிர். ஜியாஹுவில் சின்னஞ்சிறு காட்டு சோயாவைத் தின்றிருக்கிறார்கள், விதை கணிசமாகப் பருப்பது பல ஆயிரம் ஆண்டு கழித்து. பீச் கொட்டைகள் ஜேஜியாங்கின் குவாஹுச்சியாவில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உண்டு, லியாங்ஜு காலத்தில் கொட்டை பெரிதாகிவிட்டது. தேயிலைக்கு உறுதியான சான்று கி.மு. 141-ல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறைத் தொகுதியில் கிடைத்த மொட்டுகள்.

தென்கோடி சீனாவில் என்ன விளைந்தது?

அங்கே ரொம்ப நாள் தானியமே இல்லை. குயிலின் அருகே ஜெங்பியான் குகையில் மிதப்பு முறையில் தேடியும் நெல் கிடைக்கவில்லை, கிழங்கின் எச்சம் கிடைத்தது. குவாங்டோங் கடற்கரையில் ஷின்சுன் என்ற இடத்தில், கி.மு. 3350-க்கும் 2470-க்கும் இடையில், பனை வகை மரங்களின் தண்டிலிருந்து மாவு எடுத்திருக்கிறார்கள். கல் கருவிகளில் ஒட்டிய மாவுச்சத்தில் இது தெரிந்தது. பனங்கிழங்கும் பனைமாவும் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் குறைவு.

இந்த ஆய்வுகளின் பெரிய ஓட்டையும் இதில் தெரிகிறது. கிழங்கு வெந்தால் கரையும், கீரை எரிந்தால் சாம்பல். தானியம் கருகி நிற்கும். பதிவில் தானியத்தின் ஆட்சி தெரிவதற்கு அது நன்றாகக் கருகும் என்பதும் ஒரு காரணம்.

செய்தியில் "உலகின் மிகப் பழமையான" என்று வந்தால் என்ன கேட்க வேண்டும்?

ஒரே ஒரு கேள்வி: தானியத்தையே காலக்கணிப்பு செய்தார்களா, பக்கத்தில் கிடந்த கரியையா? எலி வளையும் வேர்த் துளையும் வழியாகச் சின்ன மணிகள் பழைய அடுக்குக்கு நழுவிவிடும். ஐரோப்பாவில் இது பெரிய பாடமானது. அங்கே 7,000 ஆண்டுக்கும் மேல் பழமையானவை என்று பதிவாகியிருந்த ஊர்களின் பனிவரகில் 10 மணிகளை எடுத்து 2013-ல் தனித்தனியாகச் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாமே கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதிக்கோ அதற்கும் பின்னுக்கோ வந்துவிட்டன. "பனிவரகு ஐரோப்பாவிலும் தனியாகத் தோன்றியது" என்ற வாதம் அதோடு பலமிழந்தது. இன்று சில மில்லிகிராம் கரி இருந்தால் ஒரு தானியத்துக்கே வயது சொல்லலாம். சொல்லாமல் விட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

நம் ஊர் நெல்லும் சீனாவிலிருந்து வந்ததா?

பாதி ஆமாம், பாதி இல்லை. யாங்சேயில் உருவானது ஜப்பானிக்கா வகை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விளைவது பெரும்பாலும் இண்டிகா. கங்கைச் சமவெளியில் மக்கள் தங்கள் காட்டு நெல்லைத் தனியாகவே பயன்படுத்திவந்தார்கள். ஆனால் உதிராமை போன்ற முக்கியமான பயிர்க் குணங்களின் மரபணுக்கள் இண்டிகாவுக்கு ஜப்பானிக்காவோடு கலந்தபோது வந்தவை என்பதே இன்று வலுவான கருத்து. உடம்பு இங்கே வளர்ந்தது, அறுப்புக்குக் காத்திருக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

சீனாவில் இப்போதும் பனிவரகு பயிரிடுகிறார்களா?

வடக்கே வறண்ட பகுதிகளில் பயிரிடுகிறார்கள். ஷிங்லோங்கோவ் இருக்கும் ஆவோஹான் வட்டாரத்தின் மானாவாரி விவசாய முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2012-ல் உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. அங்கே இன்று தினைக்குத்தான் நல்ல சந்தை, பனிவரகு அதற்கு அடுத்தபடி.